ஐஸும் மூன்று இங்கிஹும்

ஐம்பத்தெட்டு வயது வரைக்கும் பைமோ தனக்கு மேலான ஒருவரிடம் "இல்லை" என்று சொன்னதே கிடையாது. அதற்காக எல்லாவற்றுக்கும் தலையாட்டியவர் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் சோலோ நகரத்தில் "இங்கிஹ்" என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு குடும்பமே நடத்தலாம். வெடுக்கென்று சொன்னால் 'சரி'. இழுத்துச் சொன்னால் 'காதில் விழுந்தது'. சிரித்தபடி தன் கால் கட்டைவிரலைப் பார்த்து இழுத்தால் 'செத்தாலும் நடக்காது'. அவர் மனைவி முப்பது வருடமாக அந்தக் கட்டைவிரலைப் பார்த்தே காலம் தள்ளுகிறாள்.

கல்யாண மண்டபங்களில் தட்டு தூக்கும் பதினெட்டு ஆட்களுக்கு பைமோ தலைவர். எங்கள் விருந்தில் யாரும் எழுந்து போய் எடுத்துச் சாப்பிடுவதில்லை. உட்கார்ந்த இடத்துக்கே ஒவ்வொன்றாக வரும். முதலில் தேநீர், அப்புறம் சூப், அப்புறம் சோறு, கடைசியில் கோப்பையில் இனிப்பு ஐஸ். ஐஸ் வந்தால் கிளம்பு என்று அர்த்தம். கோப்பை காலியானதும் மண்டபமும் காலியாகிவிடும்.

பைமோவின் ஆட்களுக்கு வேலை தரும் சமையல் நிறுவனத்தைப் புதிதாக வாங்கிய ரோத்துவா மேடான் ஊர்க்காரி. மனதில் பட்டதை மைக் இல்லாமலே தெரு முழுக்கக் கேட்கச் சொல்வாள். "இந்தக் கல்யாணத்துல ஏதாவது சொதப்பினா உங்க ஆளுங்க வேணாம், ஹோட்டல்லேருந்து ஆளு எடுத்துக்கறேன்" என்று முன்னாலேயே எச்சரித்திருந்தாள்.

அன்றைக்கென்று கறி வேகவில்லை. ஐஸோ உருகிக்கொண்டிருந்தது.

"பாக் பைமோ, ஐஸ முதல்ல அனுப்புங்க! சனம் குளுகுளுன்னு உக்காந்திருக்கும்," என்றாள் ரோத்துவா. எங்களிடம் பாக் என்றால் ஐயா, இபு என்றால் அம்மா.

பைமோ கட்டைவிரலைப் பார்த்துச் சிரித்தார். "இங்கீ...ஹ், இபு. நெறைய பேரு தூரத்துலேருந்து வந்திருக்காங்க போல."

"பாவம், வெயில்ல வந்திருக்காங்க. அதான் ஐஸ்!"

"இங்கீ...ஹ். பொண்ணோட அப்பா ரொம்ப ரோஷக்காரரு."

"அப்ப தாமதம் பண்ணாதீங்க!"

"இங்கீ...ஹ். வெளிய டிரைவருங்க இப்பத்தான் சாப்பிட உக்காந்தாங்க."

"அவங்களுக்கும் குடுங்க ஐஸு! எத்தன தடவதான் சரி சரின்னு சொல்வீங்க? போங்க!"

இதைவிடப் பச்சையாக எப்படிச் சொல்வது என்று பைமோவுக்குப் புரியவில்லை. அதற்குள் முதல் வரிசைக்கு ஐஸ் தட்டு போய்விட்டது. பூப்போட்ட சாரோங் கட்டிய ஒரு பெரிய அம்மாள், சூப்புக்கு அப்புறம் ஐஸா என்று ஒரு நொடி விழித்தாள். பிறகு கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவள் கணவரை முழங்கையால் இடித்தாள். மேடையில் பெண்ணின் அப்பாவுக்கு முகம் வெளுத்தது. அறுநூறு பேர் வெறும் சூப்போடு வீட்டுக்குப் போனால் அந்த மனிதர் எப்படித் தெருவில் தலைகாட்டுவார்? பதினெட்டு பேர் பிழைப்பும் அன்றோடு சரி.

"ம்போத்தென்!"

இல்லை, கூடாது என்று அர்த்தம். மண்டபமே திரும்பியது. யார் இப்படிக் கத்தியது என்று பைமோவும் திரும்பிப் பார்த்தார். கத்தியது தானேதான் என்று புரிந்ததும் ஓடிப்போய், "மன்னிக்கணும், மன்னிக்கணும்" என்று குனிந்தபடியே அம்மாள் கையிலிருந்த கோப்பையைப் பிடுங்கினார். ஸ்பூன் மட்டும் அவளிடமே தங்கிவிட்டது. மடியிலிருந்த கைப்பை கீழே இறங்கியது. கால் மணி நேரத்தில் சோறும் வந்தது.

விருந்து முடிந்ததும் ரோத்துவா அவரை மடக்கினாள். "ஐஸ் குடுத்தா கிளம்பிருவாங்கன்னு வாயத் தொறந்து சொல்றதுக்கு என்ன?"

"சொன்னேனே இபு. மூணு தடவ சொன்னேன்."

ரோத்துவா விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். தூரத்திலிருந்து வந்தவர்கள் பட்டினியோடு திரும்புவது, ரோஷக்காரருக்கு அவமானம், வண்டியெடுக்க டிரைவர் இல்லாதது. ஒவ்வொன்றாக உறைத்தது. மூன்று தடவையும் இந்த மனுஷன் குனிந்து தன் காலைப் பார்த்ததும் நினைவுக்கு வந்தது. அடுப்பங்கரை அதிரச் சிரித்தாள்.

"உங்க ஆளுங்களே இருக்கட்டும். ஆனா ஒண்ணு. இனிமே நான் தப்பாச் சொன்னா, மூஞ்சிக்கு நேரா முடியாதுன்னு சொல்வீங்களா?"

பைமோ சிரித்தார். "இங்கீ...ஹ், இபு."

ரோத்துவா அவர் பார்வை போன வழியே குனிந்து, செருப்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கட்டைவிரலைப் பார்த்தாள்.

"அப்ப சொல்ல மாட்டீங்க," என்றாள். "சரி. நான் பாத்துக்கறேன்."