எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது

மருத்துவமனை ஆய்வகத்தில் இரத்த அணுக்களை எண்ணுவது அவள் வேலை. மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துவிட்டால் பக்கத்தில் இடி விழுந்தாலும் நிமிர மாட்டாள். லேப் அக்கா பார்த்துவிட்டாரா என்று டாக்டர்களே கேட்பார்கள். அந்தப் பேர்தான் கடைசியில் தம்பியின் தலையில் விடிந்தது.

தம்பிக்கு முறையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அவள் வாயில் வந்ததென்னவோ 'லீவு'தான். பள்ளிக்கூட நாளிலிருந்தே அவனுக்குச் சளி போனால் காதில் சீழ், காது ஆறினால் நெஞ்சில் கபம் என்று பாதி நாள் லீவுதான். மாத்திரை தின்றால் எழுந்து நடப்பான். தீர்ந்ததும் பழைய குருடி கதவைத் திறடி.

பெற்றோர் போனபின் அவனுக்கு எல்லாமே அக்காதான். அக்கறை இல்லாதவள் என்று சொன்னால் நாக்கு அழுகிப்போகும். ஒவ்வொரு காய்ச்சலுக்கும் அவளே இரத்தம் எடுத்து, சாயம் போட்டு, அவளே எண்ணினாள். கோளாறே அதில்தான். தன் கண்ணை நம்பியவள் வேறு யாரிடமும் அவனைக் காட்டவில்லை. காய்ச்சலில் கூடும் வெள்ளையணுக்கள், காய்ச்சல் விட்டதும் ஒழுங்காக அளவுக்குத் திரும்பின.

"உன் ரத்தத்துல ஒரு குறையும் இல்லடா. உனக்குத்தான் உடம்பு வணங்கல" என்பாள்.

அவனுக்கு இருந்தது ஒரே ஆசை, பஸ் ஓட்டுவது. எப்படியோ பயிற்சியில் சேர்ந்தான். பாதியில் காய்ச்சலில் விழுந்தபோது பயிற்சி மாஸ்டர் அவளுக்கே போன் செய்து விசாரித்தார். ஆஸ்பத்திரிக்காரி சொன்னால் சரியாக இருக்கும் என்று நினைத்தார், பாவம். இரத்தமெல்லாம் நன்றாக இருக்கிறது, சும்மா படுத்திருக்கிறான், வீட்டிலேயே இவனுக்கு லீவு என்றுதான் பேர் என்று சிரித்தபடி சொல்லிவைத்தாள். கண்டித்தால் திருந்துவான் என்று நினைப்பு. அவர் கண்டிக்கவில்லை, நீக்கிவிட்டார்.

போன மழைக்காலத்தில் மூச்சு வாங்கி விழுந்தவனை வேறொரு டாக்டர் பார்த்தார். எண்ணிக்கையை ஓரமாக வைத்துவிட்டு, இரத்தத்தில் கிருமியை எதிர்க்கும் புரதம் எவ்வளவு என்று அளக்கச் சொன்னார். ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. அதைச் சுரக்க வேண்டிய அணுக்கள் தலைக்கணக்குக்குக் குறையாமல் இருந்தன. முதிரவேண்டிய பக்குவத்துக்கு முதிராமல், பிறவிக் கோளாறால் ஒப்புக்குச் சப்பாணியாகச் சுற்றிக்கொண்டிருந்தன. மைக்ராஸ்கோப்பில் தலைதான் தெரியும், அது வேலை செய்கிறதா என்று தெரியாது. இது அவள் படித்த பாடம்தான். நுரையீரல் இதற்குள் பாதி கெட்டுவிட்டது, இனி பஸ் ஓட்ட முடியாது என்றார் டாக்டர்.

இப்போது மாதாமாதம், யார் யாரோ தானம் செய்த இரத்தத்திலிருந்து பிரித்த எதிர்ப்புச் சக்தி அவன் கையில் சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. முதல் தடவை ஏறும்போது பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். அவன் கோபப்பட்டிருந்தால் தேவலை.

"நீயே எண்ணிப் பாத்துச் சொன்னியா, நான் சோம்பேறிதான்னு நானும் நம்பிட்டேன்க்கா" என்றான். பிறகு, "அந்த மாஸ்டர்கிட்ட மட்டும் சொல்லிடறியா? வேலை வேணாம். நான் ஏமாத்தலன்னு தெரிஞ்சா போதும்."

வராந்தாவுக்குப் போய் போன் செய்தாள். தம்பியின் முழுப் பெயரைச் சொன்னாள். அவருக்கு ஞாபகம் வரவில்லை. எந்த வருஷம், எந்த வண்டியில் பழகினான் என்று எல்லாம் சொல்லிப் பார்த்தாள். கடைசியில் வேறு வழியில்லாமல் அந்த ஒரு வார்த்தையைச் சொன்னாள்.

"ஓ, அந்த லீவா" என்றார் அவர், உடனே.