கோயிலைத் தாண்டி இடது பக்கம்

என்னால் ஓரிடத்தில் சும்மா உட்கார முடியாது. அம்மா ஓட்டும் காரில் உட்காரவே முடியாது. இல்லாத பிரேக்கை என் கால் மிதித்துக்கொண்டே இருக்கும். இந்த லட்சணத்தில் என் வேலை, வயதான ஓட்டுநர்களுக்கு வழிகாட்டும் செயலி வடிவமைப்பது. பெரிய எழுத்து, நிதானமான தமிழ்க் குரல், திரையில் ஒரு நேரத்துக்கு ஒரே அம்பு.

அதை அம்மாவின் கைப்பேசியிலும் போட்டுக் கொடுத்திருந்தேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவர் தீவில் நாங்கள் இருக்கும் ஜெலுத்தோங்கிலிருந்து கடல் பாலம் கடந்து, அக்கரையில் உள்ள புக்கிட் மெர்தாஜாமுக்குத் தனியாகப் போவார். பெரியம்மா அங்கே படுத்த படுக்கையாக இருக்கிறார். அவருக்குத் தலை வாரி, சோறு ஊட்டிவிட்டு, பொழுது சாய்வதற்குள் திரும்புவார். அந்த ஒரு நாளை நம்பித்தான் மற்ற நாட்களை ஓட்டுகிறார்.

ஆனால் பாலத்துக்குத் திரும்பும் இடத்தை விட்டுவிட்டு நேரே போவது வழக்கமாகிவிட்டது. ஒரு தடவை தீவின் மறுகோடியில், டுரியான் பழத்துக்குப் பேர்போன பாலிக் புலாவ் வரை போய்விட்டார். டுரியான் வாங்கவா போனீர்கள் என்று அண்ணன் கிண்டல் செய்தான். பிறகு கிண்டலும் நின்றது. அம்மாவுக்கு மறதி வந்துவிட்டது, இன்னொரு தடவை வழி தவறினால் கார் சாவியை வாங்கிவிடுவேன் என்றான். ஊருக்கெல்லாம் வழி சொல்கிறவள் வீட்டில் கோட்டை விட்டாயே என்று என்னையும் ஒரு குத்து குத்தினான். எனக்குக் கோபம் வந்தது. அவன் சொல்வது உண்மையாக இருந்துவிட்டால் என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு அம்மாவோடு கிளம்பினேன். வாயை மூடிக்கொண்டு வரவேண்டும் என்பது அவர் போட்ட நிபந்தனை. திருப்பத்துக்குச் சற்று முன்னால் மரத்தடியில் ஒரு முனீஸ்வரர் கோயில். அதை நெருங்கியதும் அம்மா, பாட்டும் வழி சொல்லும் குரலும் சேர்ந்து வரும் கைப்பேசியின் ஒலியை முழுதாகக் குறைத்தார். ஒரு கையை எடுத்து நெஞ்சில் வைத்தார். உதடுகள் அசைந்தன. கைப்பேசியில் இடது பக்க அம்பு ஒளிர்ந்தது, குரல் கேட்கவில்லை. அவர் மறுபடியும் ஒலியைக் கூட்டுவதற்குள் திருப்பம் பின்னால் போயிருந்தது.

"ஏம்மா சவுண்ட குறைச்சீங்க?" என்றேன்.

"சாமி கும்பிடும்போது குறுக்க பேசுவாங்களா?"

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அம்மாவுக்கு மறதி இல்லை. கோயில் வந்தால் பாட்டை அடக்குவது எங்கள் வீட்டில் எல்லாரும் செய்வதுதான், நானும் செய்கிறவள்தான். ஆனால் திருப்பத்துக்கு எவ்வளவு முன்னால் குரல் பேசவேண்டும் என்று அலுவலகத்தில் மணிக்கணக்காகச் சண்டை போட்டபோது கோயில் என் நினைவுக்கே வரவில்லை.

அண்ணனிடம் சொன்னேன். அவன் முழுதாக நம்பவில்லை, இன்னும் ஒரே ஒரு வாரம் பார்க்கிறேன் என்றான். நான் குரலை முன்னால் நகர்த்தினேன். கோயில் வருவதற்கு முன்பே, கோயிலைத் தாண்டியதும் இடது பக்கம் என்று அது சொல்லிவிடும்.

அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா தனியாகப் போனார். நான் அலுவலகத்தில் கைப்பேசியில் அவர் காரின் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோயிலருகே புள்ளி நின்றுவிட்டது. எழுந்தேன், உட்கார்ந்தேன், மறுபடியும் எழுந்தேன். கார் ஓட்டுகிறவரை அழைக்கவும் கூடாது. விபத்தோ, மயக்கமோ என்று என்னென்னவோ தோன்றியது. மேசைக்கு அடியில் கால் பிரேக்கை மிதித்தபடி இருந்தது. ஒரு வழியாகப் புள்ளி நகர்ந்தது. இடது பக்கம் திரும்பியது. கடலுக்கு மேல் போயிற்று.

பெரியம்மா வீட்டிலிருந்து அம்மா அழைத்ததும், ஏன் வண்டியை நிறுத்தினீர்கள் என்று பாய்ந்தேன்.

"அதான் முன்னாலேயே சொல்லிருச்சுலா. இன்னிக்கு ஓரமா நிறுத்தி, நிதானமா கும்பிட்டேன்."

அப்படி என்ன பெரிய வேண்டுதல் என்று கேட்டேன்.

"வேற என்ன? வழி தப்பக்கூடாதுன்னுதான். வாராவாரம் அங்க அதைத்தான் வேண்டிக்கிறேன்."