மேற்கே சூலம், கோயம்புத்தூரில் இடம்

பாடம் நடத்துவது லேசு. ரிசல்ட் வந்தபின் பையன்களைக் கல்லூரிக்கு அனுப்பி வைப்பதுதான் வாத்தியாருக்குப் பெரும்பாடு. அந்தப் பாட்டைப் பட்டவர்கள் யாராவது இதைப் படித்தால் கூடவே தலையை ஆட்டிக்கொள்ளுங்கள், மனசு ஆறும். ஐம்பதுகளில் நான் திருமயம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார்.

பஸ் போகிற ஊர்

மெய்யப்பன் கணக்கில் புலி. ஆனால் எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததும் மதுரையைத் தவிர வேறு ஊர்ப் பேச்சையே எடுக்கவிடவில்லை. கெஞ்சிக் கூத்தாடி கோயம்புத்தூருக்கும் ஒரு விண்ணப்பம் போட வைத்தேன். "மதுரையில அப்படி என்னடா இருக்கு?" என்று கேட்டேன். நல்ல புரொபசர் யாரையாவது சொல்வான் என்று பார்த்தால், "நம்ம ஊர் வழியா பஸ்ஸு போகுதுல்ல சார்" என்றான்.

ரங்கூன் பக்கம்தான்

மதுரையில் இடம் இல்லையென்று சொல்லிவிட்டார்கள். கோயம்புத்தூரில் கிடைத்தது, ஹாஸ்டலோடு. சனிக்கிழமைக்குள் சேராவிட்டால் அவன் படிப்புக்கு முழுக்குத்தான். அப்பா செட்டியார் தன் கடையில் உட்கார வைத்துவிடுவார். பதறிப்போய் அவர்கள் வீட்டுக்கு ஓடினேன்.

"அந்த ஊர்த் தண்ணி பிள்ளைக்கு ஒத்துக்காது" என்றார் அவன் தாயார் ஆச்சி. அந்த வீட்டில் ஒருவரும் அந்தத் தண்ணீரைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. பையன் பின்னால் நின்று ஆமாம் போட்டான். செட்டியாரோ மீசை முளைக்குமுன் கப்பலேறி பர்மா போனவர். கடல் தாண்டினவருக்கு ரயில் என்ன பிரமாதம் என்று கேட்டேன். "ரங்கூன்ல தங்க நம்ம ஆளுக கிட்டங்கி இருந்துச்சு, நம்ம ஊர்ச் சமையக்காரர் இருந்தாரு. கோயம்புத்தூர்ல யாரு சார் இருக்கா?" என்றார்.

வெல்லம்

நானே கூட்டிப்போகிறேன், பார்த்துவிட்டுப் பிடிக்காவிட்டால் கையோடு திரும்பிவிடலாம் என்று சொல்லி ஒருவழியாகச் சம்மதிக்க வைத்தேன். வெள்ளிக்கிழமை கிளம்பியாக வேண்டும். அப்போது பார்த்துச் செட்டியாருக்கு ஞாபகம் வந்தது, வெள்ளியன்று மேற்கே சூலம்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஆனாலும் வெல்லம் தின்றுவிட்டுக் கிளம்பினால் தோஷமில்லை என்று நானே பரிகாரம் சொன்னேன். எங்கள் சயின்ஸ் வாத்தியார் கேட்டிருந்தால் காறித் துப்பியிருப்பார். ஆச்சி மகன் வாயில் ஒரு உருண்டை போட்டு, எனக்கும் ஒன்று நீட்டினார். செட்டியார் மட்டும், "சூலத்துக்கு வெல்லம் சரி சார், இவன் பயத்துக்கு என்ன குடுப்பீங்க?" என்றார்.

கூட இருக்கிற பையன்

ரயிலில் வழிநெடுக மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தான். ஹாஸ்டலுக்குள் நுழைந்தால் சாம்பார் இனிக்கிறது, கட்டில் ஆடுகிறது, காற்று சில்லென்கிறது என்று ஒரே புலம்பல்.

அவன் அறையில் நீலகிரிப் பக்கத்துப் பையன் ஒருவன் இருந்தான். "புதுக்கோட்டையா? அங்கே பச்சையா ஏதாவது முளைக்குமா?" என்று நிஜமாகவே இரக்கப்பட்டுக் கேட்டான். மெய்யப்பனுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. திருமயம் கோட்டையில் ஆரம்பித்தான், கண்மாய்க்கு வந்தான், கீரமங்கலத்துப் பலாப்பழத்துக்குத் தாவினான். ஆச்சி கட்டிக்கொடுத்த தேன்குழலைப் பிரித்து அவன் கையில் திணித்தான். எனக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது, என்னடா முடிவு என்று கேட்டேன். என் பக்கம் திரும்பாமலே, "நீங்க போங்க சார், இவனுக்கு நம்ம ஊரப் பத்தி ஒண்ணுமே தெரியல" என்றான்.

பொங்கல் லீவு

பொங்கலுக்கு வந்தான், கன்னம் உப்பி, அந்த நீலகிரிப் பையனையும் கூட்டிக்கொண்டு. பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. நாலு நல்ல வார்த்தை கிடைக்கும் என்று அவர்கள் வீட்டுப் படியேறினேன். ஆச்சி வாசலிலேயே பிடித்துக்கொண்டார்: "நல்லா அனுப்பி வச்சீங்க சார், இப்ப எங்க கெணத்துத் தண்ணி இவனுக்கு ஒத்துக்கலையாம்."

பிள்ளைகளை வெளியூர் அனுப்பி வைக்கிற வாத்தியாருக்குப் போகும்போதும் திட்டு, வரும்போதும் திட்டு, நடுவில் ஒரு உருண்டை வெல்லம்.