சித்தப்பா நிறுத்தும் இடம்

நான் ஊரைவிட்டுக் கிளம்பியது ஒரு புதன்கிழமை. அன்றுதான் சித்தப்பாவின் முன்பற்கள் இரண்டும் அவரைவிட்டுக் கிளம்பின. கட்டுப்பற்கள்தான். வழியனுப்ப டிரம்பெட்டோடு பஸ் நிலையத்துக்கு வந்தவர், வாசித்து முடித்து, மழைக்கோட்டோடு நின்ற என்னை அணைத்துக்கொண்ட நேரம் பார்த்து டிரைவர் ஹாரன் அடித்தார். சித்தப்பாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பல் செட் போன இடம் தெரியவில்லை. சித்தி பஸ்ஸுக்கு அடியில் குனிந்து தேடினாள்.

"அம்மா, பல்லுக்காகவெல்லாம் பஸ் நிக்காதும்மா," என்றார் கண்டக்டர்.

சித்தப்பா பகலில் சலவைக்கடையில் இஸ்திரி போடுவார். மாலையில் ஓட்டல் ஹாலில் ஜாஸ் வாசிப்பார். அவருடைய பாணி என்று ஊர் கொண்டாடியது ஒரு நிறுத்தத்தை. வாசிப்பு ஏறிக்கொண்டே போய், உச்சிக்கு ஒரு சுரம் முன்னால் சட்டென்று நிற்கும். சாப்பிடுகிறவர்களின் ஸ்பூன்கூட நிற்கும். பிறகுதான் அந்த உச்சி சுரம் வரும், ஒன்றும் அவசரமில்லை என்பதுபோல.

விஷயம் வேறு. உச்சிக்கு ஊதும் அழுத்தத்தில் பல் செட் நழுவும். நாக்கால் தள்ளி உட்காரவைக்க இரண்டு விநாடி வேண்டும். வீட்டுக்கு வெளியே யாருக்கும் இது தெரியாது. பத்திரிகையில் ஒருவர் 'மௌனத்தை வாசிக்கும் கலைஞர்' என்று எழுதியபோது, "என்ன சொல்ல வர்றான் இவன்?" என்று கேட்டார் சித்தப்பா.

"உங்க பல்லு ஆடுதாம்," என்றாள் சித்தி.

ஊரில் டிரம்பெட்டைத் தொட்டவர்களெல்லாம் அந்த இடத்தில் நிறுத்தினார்கள். எதிர் ஓட்டலில் வாசிப்பவர் தூங்கும்போதும் தொப்பியைக் கழற்றமாட்டார்; அதனால் ஊரில் அவர் பெயரே தொப்பி. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தே, சரியாக இரண்டு விநாடி நிறுத்தினார்.

நாற்பது நாள் கழித்து, ஒரு எல்லைச் சாவடியில் என் மழைக்கோட்டை உதறிய அதிகாரி, அதன் முதுகில் தொங்கிய தலைமூடிக்குள்ளிருந்து பல் செட்டை எடுத்தார்.

"யாருது இது?"

"சித்தப்பாவோடது."

"அவர் எங்க?"

"வீட்ல."

அதிகாரி பல் செட்டை என் கையில் வைத்துவிட்டு, பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தினார்.

வீட்டுக்குப் போன் செய்தேன். "புதுப் பல்லு சிமெண்ட் வச்ச மாதிரி உட்காந்திருக்கு," என்றாள் சித்தி. "உங்க சித்தப்பா எங்கயுமே நிக்காம எக்ஸ்பிரஸ் வண்டியா ஓட்டுறாரு. 'தொப்பி உங்களைவிட நல்லா உங்களை மாதிரி வாசிக்கிறாரே'ன்னு கேக்குறாரு மேனேஜர். மாசக் கடைசி வரைக்கும் பாப்பாராம். அப்புறம் தொப்பிதான்."

இருபத்திரண்டு வருடம் வாசித்த இடம். போனைச் சித்தப்பா வாங்கினார்.

"சும்மா நிறுத்திப் பாருங்களேன், சித்தப்பா."

"எங்க நிறுத்தணும்னு எனக்கு எப்படித் தெரியும்? அது பல்லுக்குத்தான் தெரியும்."

அன்றே பழைய பல் செட்டைப் பார்சலில் அனுப்பினேன். 'உள்ளே என்ன' என்ற கட்டத்தில் 'இசைக்கருவி உதிரிபாகம்' என்று எழுதினேன்.

மாதக் கடைசி வந்தது, பார்சல் வரவில்லை. சித்தப்பா எதிர் ஓட்டலுக்குப் போய் முன்வரிசையில் உட்கார்ந்தார். தொப்பிக்கு வியர்த்துவிட்டது.

"அண்ணே, என்னைச் சோதிக்கிறீங்களா?"

"இல்லப்பா. நீ எங்க நிறுத்துறேன்னு பாக்கணும்."

சலவைச் சீட்டின் பின்பக்கம் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். தன் பாணியைத் தன்னைக் காப்பியடித்தவரிடம் பாடம் கேட்ட ஒரே வித்வான் அவராகத்தான் இருப்பார்.

கடைசி நாள் மாலை, சீட்டில் குறித்த இடத்தில் நிறுத்தினார். நாக்குக்கு வேலையில்லை. முதல்முறையாகப் பின்னால் பியானோக்காரன் வாசிப்பது காதில் விழுந்தது. 'இவன் இவ்வளவு நாளா இங்கதான் இருந்தானா?' என்று கேட்டுக்கொண்டே நின்றதில் நான்கு விநாடி ஆகிவிட்டது. மேனேஜர் சமையலறை வாசலிலிருந்து கைதட்டினார்.

நான் ஊர் திரும்பியதும் ஓட்டல் ஹாலில் போய் உட்கார்ந்து கேட்டேன். நான்கு விநாடிதான். தொப்பி தன் கடிகாரம்தான் தப்பு என்று ரிப்பேருக்குக் கொடுத்திருப்பதாகச் சித்தி சொன்னாள்.

எனக்கு ஓரிடத்தில் கால் தரிக்காது. மூன்றாம் மாதமே வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டேன். பார்சல் அனுப்பிப் பதினான்கு மாதம் கழித்து, சித்தப்பாவிடமிருந்து செய்தி வந்தது:

"பல் வந்து சேர்ந்தது. போட்டு ஊதிப் பார்த்தேன். கெட்டியாக உட்கார்ந்துவிட்டது, ஆடவே இல்லை. எங்கே நிறுத்துவது என்று அதுவும் மறந்துவிட்டது போலிருக்கிறது. பயந்துபோய்க் கழற்றி வைத்துவிட்டேன். தொப்பியிடம் சொல்லாதே."