கீப்பருக்குப் பின்னால்

அவரை நினைத்தால் எனக்கு முதலில் முகம் வருவதில்லை. வலது உள்ளங்கைதான் வரும். பந்தை இடது கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வலது கையை இடுப்புக்குக் கீழே நீட்டி, உள்ளங்கையால் காற்றைத் தரையை நோக்கி இரண்டு முறை அமுக்குவார். அழுகிற குழந்தையைத் தட்டிக்கொடுப்பது போல இருக்கும். பந்து இப்போது உனக்கு வரப்போகிறது, பதறாதே என்று அதற்கு அர்த்தம். எனக்குப் பதற்றம் ஆரம்பிப்பதே அந்தக் கையைப் பார்த்த பிறகுதான். சட்டென்று முகத்தைத் திருப்பி, மைதானத்துக்கு அப்பால் தெரியும் திருநீர்மலையைப் பார்க்க ஆரம்பித்துவிடுவேன். ரங்கநாதா, இந்த ஆள் பந்தை வேறு யாருக்காவது கொடுக்கட்டும் என்று வேண்டிக்கொள்வேன். அவரோ படுத்திருக்கிற சாமி. எனக்காக ஒரு நாளும் எழுந்து வந்ததில்லை. பந்து உருண்டு உருண்டு என் காலுக்கே வந்து சேரும்.

அந்தக் கைக்குச் சொந்தக்காரர் என் அக்காவின் கணவர். நான் சொல்லப்போகிற காலத்தில் அவர் இன்னும் கணவர் ஆகவில்லை, விவகாரமே அதுதான். எண்பதுகளின் கடைசியிலிருந்து சில வருஷங்கள் குரோம்பேட்டைப் பக்கம் பம்பு தயாரிக்கிற ஒரு கம்பெனியில் நாங்கள் மூன்று பேரும் வேலை பார்த்தோம். நான் பம்பு பூட்டுகிற பிரிவில், அக்கா அலுவலகத்தில் டைப்பிஸ்ட், அவர் கிடங்கில் தற்காலிக ஆள். கேளம்பாக்கத்துக்கு அந்தப் பக்கம் கடலோரக் குப்பத்திலிருந்து பஸ் மாறி மாறி வருவார். கம்பெனியின் பெரிய மேனேஜருக்குக் கால்பந்துப் பைத்தியம். அதனால் எங்களுக்கென்று ஓர் அணி இருந்தது, லீக் ஆட்டங்களில் ஆடியது. அவர் கீப்பர். நான் ஸ்டாப்பர், அதாவது கீப்பருக்கு நேர் முன்னால் நின்று எதிராளியை மறிக்கிறவன். மறிக்கிற வேலை எனக்கு நன்றாகவே வரும். முட்டுவேன், தள்ளுவேன், தலையால் இடித்துத் தூரத் தள்ளுவேன். பந்து என் காலிலேயே தங்கிவிட்டால்தான் வம்பு. கடன்காரன் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்ட மாதிரி இருக்கும், எப்போது எழுந்து போவான் என்று. எல்லோரையும் போல நானும் அவரைக் ‘கீப்பர்’ என்றுதான் கூப்பிடுவேன். வயதில் மூத்தவரை அண்ணா என்று கூப்பிடலாம்தான், ஆனால் அக்காவைக் கட்டிக்கொள்ளப் போகிறவரை அண்ணா என்றால் முறை என்ன ஆவது? அந்தத் தொல்லை அவருக்கு இல்லை. முதல் நாளிலிருந்தே என்னை மச்சான் என்றுதான் கூப்பிட்டார்.

அந்தக் காலத்தில் கீப்பர் என்றால் பந்தைப் பிடித்த கையோடு வானத்தைப் பார்த்து அடிக்க வேண்டும். எவ்வளவு உயரம் போகிறதோ அவ்வளவு கைதட்டல். கீழே வரும்போது அது யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. எங்கள் கீப்பருக்கு அந்த வழக்கம் கிடையாது. பிடிப்பார், நிற்பார், கையை அமுக்குவார், உருட்டுவார். “தூக்கி அடிச்சா பாதி பந்து அவனுங்களுது மச்சான். நீ வாங்கு. பயப்படாத, பின்னால நான் கீறேன்.” கோட்டுக்கு வெளியே நிற்கும் மேனேஜர் தொண்டை கிழிய ‘அடி, அடி’ என்று கத்துவார். இவர் காதில் கடல் சத்தம் மாதிரி அது விழுந்துகொண்டே இருக்கும். நானும் என் தற்காப்புக்கு ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தேன். அவர் உருட்டுகிற பந்தை வாங்குவேன், எங்கேயோ கொடுக்கப்போகிறவன் மாதிரி நிமிர்ந்து பார்ப்பேன், பிறகு அவருக்கே திருப்பிவிடுவேன். அவர் குனிந்து கையில் எடுத்துக்கொள்வார். மறுபடி உருட்டுவார். சுற்றுச்சுவர்மேல் உட்கார்ந்திருப்பவர்கள் விசில் அடித்து, “இன்னா சார், பல்லாங்குழியா?” என்று கேட்பார்கள். கேட்கட்டுமே. பந்து அவர் கையில் இருக்கிறவரை என் ஈரக்குலை அதன் இடத்தில் இருந்தது.

தொண்ணூற்றிரண்டில் ஆட்டச் சட்டத்தையே மாற்றினார்கள். தன் ஆளே காலால் திருப்பித் தருகிற பந்தைக் கீப்பர் இனிமேல் கையால் தொடக்கூடாது. தொட்டால் அந்த இடத்திலிருந்தே எதிர் அணிக்கு ஓர் உதை. பயிற்சி நடக்கும்போது ரெஃப்ரி ஒருவர் வந்து விளக்கிவிட்டுப் போனார். ஆட்டம் விறுவிறுப்பாக இருக்கும் என்றார். எனக்கு, யாரோ என் வீட்டுப் பின்கதவைப் பூட்டிச் சாவியையும் எடுத்துக்கொண்டு போய்விட்ட மாதிரி இருந்தது. மற்ற அணிகளின் கீப்பர்கள் சட்டத்துக்குப் பயந்து, வருகிற பந்தையெல்லாம் கோட்டுக்கு வெளியே உதைத்துத் தள்ள ஆரம்பித்தார்கள். இனி இவரும் திருந்திவிடுவார் என்று நம்பினேன். அவரோ, கையில் எடுக்கக்கூடாது என்றால் காலால் ஆடுகிறேன் என்று ஆரம்பித்துவிட்டார். கடற்கரை மணலில் வெறுங்காலோடு ஆடி வளர்ந்த கால் அது. மணலில் பந்து நேராக உருளாது, அதை அடக்கிப் பழகியவருக்கு எங்கள் மைதானத்து மேடு பள்ளமெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. நான் திருப்பித் தருவதைப் பாதத்தால் அடக்கி, ஓடி வருகிறவனை ஏமாற்றி, வேறு பக்கம் தள்ளுவார். பார்க்கிறவர்களுக்கு அது நல்ல வேடிக்கை. எனக்கு ஒவ்வொரு முறையும் உயிர் போய் வந்தது.

ஏன் இவ்வளவு பயம் என்றால், எங்கள் அப்பா. சிட்லபாக்கத்தில் ஏரிப் பாசனத்தில் பயிர் வைத்த பழைய குடும்பம் எங்களுடையது. நிலத்தை மனை போட்டு விற்றுவிட்டு அப்பா அரிசி மண்டி வைத்திருந்தார். குப்பத்துப் பையனைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று அக்கா நேராகச் சொன்ன அன்று அவர் கத்தவில்லை. சோற்றைப் பிசைந்தபடியே, “வேல பர்மனென்ட் ஆவட்டும், அப்பறம் பாக்கலாம்” என்றார். தடை வேலை மட்டும் இல்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் வாய்விட்டுச் சொன்னது அது ஒன்றுதான் என்பதால், அக்கா அதையே இறுகப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பக்கம் மேனேஜர் கீப்பரைக் கூப்பிட்டு, “இந்த வருஷம் டீமைக் கீழ் டிவிஷனுக்கு இறங்காமக் காப்பாத்து, பர்மனென்ட் ஆர்டர் வாங்கித் தரேன். உன் உருட்டல் வேலையால ஒரு கோல் விழுந்துதோ, நீ கேட்டுக்கு வெளியதான்” என்று சொல்லிவிட்டார். ஆக, அவர் என் காலுக்கு உருட்டுகிற பந்தில் அக்காவின் கல்யாணமும் சேர்ந்தே உருண்டு வந்தது. கடைசி ஆட்டத்துக்கு முந்தின நாள் அக்கா எனக்குச் சோறு போட்டுவிட்டு எதிரிலேயே உட்கார்ந்தாள். “டேய், நாளைக்கு மட்டும் தூக்கி அடிக்கச் சொல்லேன்டா அவர” என்றாள். “நீயே சொல்லேன்” என்றேன். “சொன்னேன். சிரிக்கிறாரு” என்றாள்.

கார்த்திகை மாதம், தாம்பரத்துக்கு மேற்கே ஒரு பள்ளிக்கூட மைதானம். காலையில் பெய்த மழை நின்றிருந்தாலும் பிற்பாதியில் எங்களுக்கு வந்த கோலுக்கு முன்னால் குட்டையாகத் தண்ணீர் தேங்கியிருந்தது. தோற்காமல் இருந்தால் போதும், சமன் ஆனாலே நாங்கள் தப்பித்துவிடுவோம். வாழ்நாளில் மைதானப் பக்கமே வராத அப்பா அன்றைக்குக் குடையோடு வந்து நின்றார். அந்தக் கோல் கம்பத்துக்குப் பின்னால் இருந்த வேப்பமரத்தடி மட்டும்தான் சேறில்லாமல் இருந்தது. அந்த மைதானத்தில் வலையெல்லாம் கட்டுவது கிடையாது. அதனால் எங்கள் கீப்பருக்கு நேர் பின்னால், கூப்பிடு தூரம்கூட இல்லை, என் அப்பா. பிற்பாதியில் இவர் முதல் பந்தை எனக்கு உருட்டியதுமே, “இவன் இன்னாடா, வூட்டு வாசல்லயே நெருப்ப வச்சிகினு வெளாடறான்” என்று அவர் சொன்னது எனக்கே கேட்டது. கீப்பர் திரும்பிப் பார்க்கவில்லை. நான் மலையைப் பார்த்தேன். மேகம் மூடியிருந்தது, அன்றைக்கு மலையும் எனக்கு இல்லை.

கோல் எதுவும் விழாமல் ஆட்டம் முடியப்போகிற நேரம். பந்தைப் பிடித்தவர் மறுபடி கையை அமுக்கினார். ‘அடி, அடி’ என்று மேனேஜரின் குரல் உடைந்தே போனது. பந்து எனக்கு வந்தது. அவர்களுக்குக் கோல் அடிக்கிற நெட்டையான பார்வேர்டு ஒருவன் தண்ணீரை வாரி இறைத்தபடி என்னை நோக்கி ஓடி வந்தான். நான் ஒன்றையும் யோசிக்கவில்லை. இத்தனை வருஷப் பழக்கத்தில் கால் தானாகவே பந்தை அவருக்குத் திருப்பிவிட்டது. அவருக்கும் அதே பழக்கம்தானே? குனிந்து இரண்டு கையையும் தாழ்த்திவிட்டார். புதுச் சட்டம் எங்கள் இருவருக்குமே அந்த ஒரு கணம் மறந்துபோனது. பந்து குட்டையில் விழுந்து வேகம் குறைந்து, அவருக்கு எட்டுகிற தூரத்தில் மிதப்பது போல நின்றது. எடுத்தால் எங்கள் வாசலிலேயே அவர்களுக்கு உதை கிடைக்கும். விட்டால் நெட்டையன் தள்ளிவிட்டுப் போவான். என் அக்காவின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது. சுடுகிற பாத்திரத்தைத் தொட்டவர் மாதிரி அவர் கைகளை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். வலது பாதத்தைப் பந்தின்மேல் வைத்துத் தன் பக்கம் ஒரு இழுப்பு இழுத்தார். சறுக்கி வந்த நெட்டையன் தண்ணீரோடு தண்ணீராக அவரைத் தாண்டி அப்பாவின் காலடிவரை போய் விழுந்தான். அப்பாடா, இனிமேலாவது தூக்கி அடிப்பார் என்று நினைத்தேன். அந்த மனிதர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். பந்தை மறுபடி எனக்கே உருட்டினார். எனக்கே! “கீறேன்டா மச்சான்!” என்று ஒரு குரல். அன்றைக்குத்தான் நான் முதன்முறையாகப் பந்தோடு நிமிர்ந்து நிஜமாகவே பார்த்தேன். இடது பக்கம் எங்கள் ஆள் ஒருவன் தனியாக நின்றிருந்தான். அவனுக்குக் கொடுத்தேன். பந்து அங்கிருந்து அந்தக் கோடிக்குப் போனது, திரும்பி வருவதற்குள் விசில் ஊதிவிட்டார்கள். நான் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டேன்.

‘இன்னொரு முறை இப்படி ஆடினால் நெஞ்சு வெடித்துச் சாவது நான்தான்’ என்று மேனேஜர் கீப்பரைத் திட்டினார். ஆனாலும் பொங்கலுக்கு முன்னால் ஆர்டர் வந்துவிட்டது. அதற்குள் அப்பாவின் மனமும் மாறியிருந்தது. ஆட்டம் முடிந்து அன்று மாலை என்னோடு வீட்டுக்கு நடந்து வரும்போதே, “நீ அவ்ளோ சொதப்பின. அப்பறமும் உன்கிட்டயே குடுத்தான் பாத்தியா” என்றார். கொஞ்ச தூரம் போய், “அந்த மாரி ஆளுகிட்ட பொண்ண குடுக்கலாம்” என்றார். மாசியில் கல்யாணம் நடந்தது. கீப்பர் எனக்கு மாமா ஆனார். அப்பா இருந்தவரைக்கும் மண்டிக்கு வருகிறவர்களிடமெல்லாம் அந்தக் கதையைச் சொல்லி, “என் மருமவனுக்குப் பயம்னா இன்னான்னே தெரியாது” என்று முடிப்பார். நானும் தலையாட்டுவேன். எனக்கும் அதில் சந்தேகம் இருந்ததில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மாமா ஓய்வு பெற்றாயிற்று. முழங்கால் தேய்ந்து, நாற்காலியில் காலை நீட்டித்தான் உட்கார முடியும். டிவியில் ஏதோ வெளிநாட்டு அணிகளின் ஆட்டம். இப்போதெல்லாம் எல்லாக் கீப்பர்களும் உருட்டித்தான் ஆரம்பிக்கிறார்கள். அதைப் புதிய விஞ்ஞானம் என்கிற மாதிரி பேசுகிறார்கள். “மாமா, உங்க ஆட்டத்த இவனுங்க இப்பத்தான் கத்துக்கினு இருக்கானுங்க” என்று சீண்டினேன். அவர் சிரிக்கவில்லை. நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தார். திரையில் எதிராளிகள் கீப்பரை நெருங்கியதும், “அடிச்சி வுட்றா டேய், தூக்கி அடிச்சி வுட்றா!” என்று கத்தியேவிட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சமையலறையிலிருந்து அக்கா, “எப்பவும் இப்படித்தான்டா. அந்தக் கடைசி மேட்சுக்குக் கூட வாந்தி எடுத்துட்டு எறங்குன ஆளு இவரு. கல்யாணம் ஆனப்பறம்தான் எங்கிட்டயே சொன்னாரு” என்றாள்.

நம்ப முடியாமல் அவரைப் பார்த்தேன். “நெஜமாவா மாமா? அவ்ளோ பயம்னா ஏன் திரும்பவும் என்கிட்டயே குடுத்தீங்க?”

“பின்ன? தூக்கி அடிச்சா அது எங்க போவும், யாருகிட்ட வுழும், எப்ப திரும்பி வரும், ஒண்ணுந் தெரியாது மச்சான். அது அதவிட பேஜாரு. உன்கிட்ட குடுத்தா உன்கிட்ட கீதுன்னாவது தெரியும்.”

“பின்னால நான் கீறேன், பயப்படாதன்னு தைரியமா சொல்வீங்களே.”

“உனக்குப் பின்னால நான் இருந்தேன். எனக்குப் பின்னால யாரு?” என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே. “வலகூட கெடயாது. உங்கப்பாதான் குடையப் புடிச்சிகினு நின்னாரு.”

அங்கே அந்தக் கீப்பர் பந்தை நிறுத்தி மறுபடி தன் ஆளுக்கே உருட்டத் தயாரானான். மாமாவின் வலது உள்ளங்கை மெதுவாக இறங்கி அவருடைய தேய்ந்த முழங்காலை இரண்டு முறை அமுக்கியது. அவர் யாருக்கும் அதைக் காட்டவில்லை. நான் பக்கத்தில் இருப்பதே அப்போது அவருக்கு நினைவில்லை. இத்தனை வருஷமும் அந்தக் கை எனக்குத்தான் ஆறுதல் சொன்னது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.