கண்டக்டர் கோவிந்தனும் ஏழாம் நம்பர் ஷூவும்

எங்கள் மலையில் ஓடும் நாகலூர் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற கோவிந்தன் சென்ற செவ்வாய்க்கிழமை காலமானார். நான் எஸ்டேட் ரைட்டர், அதாவது கணக்கர்; ஆபீஸில் ஆள்வருகைப் பதிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ் டிரைவர் போன் செய்தார். "ரைட்டருங்களா? நம்ம கண்டக்டர் போயிட்டாருங்க. மாரடைப்பு." பதிவேட்டை மூடிவைத்துவிட்டுக் கிளம்பினேன்.

அவரை டிக்கெட் கிழித்தவராக மட்டும் அறிந்தவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நாற்பது வயதுக்கு மேல் நானூறு மீட்டர் ஓடத் தொடங்கியவர் அவர். மூத்தோர் தடகளத்தில் மாநிலப் போட்டிக்கே போயிருக்க வேண்டும். ஷூவை ஒழுங்காகப் பார்த்து வாங்காமல் வாய்ப்பைக் கோட்டை விட்டார் என்பார்கள். அவரும் அப்படித்தான் சொல்லிவந்தார். அது உண்மையில்லை.

ஷூவைத் தேர்ந்தெடுத்தவன் நான். சேலத்துக் கடையிலிருந்து இரண்டு அளவுகளில் ஸ்பைக்ஸ், அதாவது அடியில் ஆணி வைத்த ஓட்ட ஷூ, கொண்டுவந்தேன். மார்கழிக் காலை, நல்ல பனி. இரண்டையும் போட்டுப் பார்த்தார். ஏழாம் நம்பர் கச்சிதம்; எட்டில் விரல் நுனியில் கொஞ்சம் இடம் இருந்தது.

"ஏனுங்க ரைட்டரே, பெரிசே இருக்கட்டுங்களா?"

"நடக்கவா போறீங்க கண்டக்டரே? ஸ்பைக்ஸ்னா காலோட ஒட்டித்தான் இருக்கணுமுங்க."

பெரிய மேதாவி நான்! எட்டாம் நம்பரை அன்றே கடைக்குத் திருப்பி அனுப்பினேன்.

மாவட்டப் போட்டி மாசியில், சேலத்தில், மதியம் இரண்டு மணிக்கு. மலைக் குளிரில் சுருங்கிய கால் கீழே வெயிலில் வீங்கும் என்பது எங்களுக்கு உறைக்கவே இல்லை. கடைசி வளைவு வரை அவரே முதல். பிறகு நொண்டத் தொடங்கினார். முதல் மூவருக்குத்தான் மாநிலப் போட்டி; அவர் நான்காவதாக வந்தார். ஷூவைக் கழற்றினால் பெருவிரல் நகம் கறுத்திருந்தது. "நொம்ப இறுக்கமுங்க" என்றார்.

அதன் பிறகு மலையில் யார் ஸ்பைக்ஸ் வாங்கினாலும் அவரிடம் வருவார்கள். உச்சி வேளையில் மலையடிவாரத்தில் இருக்கும் குப்பனூருக்கு அழைத்துப்போவார். அரை மணி நேரம் வெயிலில் நடக்கவைத்த பிறகே ஷூவைப் போடச் சொல்வார். குதிகால் ஷூவை விட்டு எழும்பக் கூடாது, விரலுக்கு இடம் வேண்டும், செயற்கை ஓடுதளத்துக்குக் குட்டை ஆணி போதும் என்பார். "நான் குளுருல போட்டுப் பாத்து ஏமாந்தவனுங்க" என்று தவறாமல் சேர்த்துக்கொள்வார். நான் பக்கத்திலேயே நிற்பேன். ஒருநாளும் வாய் திறந்ததில்லை. வெட்கம்தான், வேறென்ன?

அடக்கம் முடிந்து வீட்டுக்குப் போனோம். அவருடைய மனைவி வந்தவர்களிடம் அழுதுகொண்டே சொன்னார்: "அந்த ஓட்டம் ஓடுன மனுசனுக்கு ஒரு ஷூ பாத்து வாங்கத் தெரியலீங்களே."

என்னால் பொறுக்க முடியவில்லை. "அம்மணி, அத வாங்குனது நானுங்க. அவரு பெரிசத்தான் கேட்டாரு."

அவர் அழுகையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். "இத்தன வருசமா நான் அவரத்தானுங்களே திட்டிட்டிருந்தேன்" என்றார்.

கண்டக்டரே, நீங்கள் சரியாகத்தான் கேட்டீர்கள். போய் வாருங்கள்.