யொக்கோசுக்காச் சம்பந்திக்கு வைத்த கறி

கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் கொத்துரொட்டிக் கடை வைத்திருக்கும் கிருஷ்ணராசாவுக்கு உலகத்தில் இரண்டே வகை மனிதர்கள்: அவருடைய உறைப்பைத் தாங்குபவர்கள், தாங்காதவர்கள். தாங்காதவர்களை அவர் மனிதக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. பாரிசில் கோப்பை கழுவி, லண்டனுக்கு வந்து, வெள்ளைக்காரனையும் மூக்குச் சிந்தச் சிந்தத் தின்ன வைத்தவர்.

அப்பேர்ப்பட்டவரின் மகள் யசோதினி, ஹருத்தோ என்ற ஜப்பான்காரப் பொடியனை விரும்பினாள். பொடியனில் குறையில்லை. தகப்பன் மொரித்தாதான் சிக்கல். ஒற்றைப் பிள்ளையை லண்டனுக்குத் தாரைவார்க்க மனமில்லாமல், பெண் வீட்டைப் பார்த்த பிறகே பதில் என்று விமானம் ஏறிவிட்டார். மகளின் கலியாணம் அவர் வாயில் தொங்கியது.

வந்த நாளோ வெள்ளிக்கிழமை.

"அவையின்ர யொக்கோசுக்கா கடற்படை ஊர், அப்பா. வெள்ளிக்கிழமை எண்டா கறிதான் சாப்பிடுவினம்," என்றாள் யசோதினி.

"கறியோ? எங்களுக்கே கறியோ!" கிருஷ்ணராசா சாரத்தை மடித்துக் கட்டினார்.

அந்த ஊர்க் கறி இனிப்பாக, சாந்துபோலத் தடிப்பாக, பக்கத்தில் ஒரு கிளாஸ் பாலோடு வரும் என்பதை அவர் கேட்கவுமில்லை, யாரும் சொல்லவுமில்லை. வெள்ளியென்றால் அவர் வீட்டில் மரக்கறிதான். கத்தரிக்காயும் பலாக்கொட்டையும் செத்தல் மிளகாயில் குளித்தன.

"இஞ்சேருங்கோ, தூளைக் குறையுங்கோ," என்று மனைவி மாலினி கெஞ்சினாள்.

"சம்பந்திக்குத் தண்ணிக் கறி வைச்சா என்னெண்டு மதிப்பார்?"

மொரித்தா ஒரு கரண்டி வாயில் வைத்தார். காது சிவந்தது. மரியாதைக்கு இன்னொரு கரண்டி. கண்ணாடிக்குப் பின்னால் கண்கள் குளமாயின. மகனிடம் ஏதோ முனகினார்.

"பால் கேக்கிறார்," என்றாள் யசோதினி.

வீட்டில் இருந்தது ஒரே ஒரு போத்தல் பால். அன்று பின்னேரம் மனோர் பார்க் கோயில் முருகனின் அபிஷேகத்துக்கென்று மாலினி முழுகிவிட்டு வாங்கி வைத்தது. கிருஷ்ணராசா மனைவியைப் பார்த்தார். மனைவி சாமிப் படத்தைப் பார்த்தாள்.

"முருகன் பொறுப்பான். இந்தாள் பொறுக்காது. எடும்!"

போத்தல் காலியான பிறகுதான் மொரித்தாவுக்கு உயிர் வந்தது. பிறகு பேச்சு, தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும் அங்கிருந்து ஜப்பான் மொழிக்கும் பிள்ளைகள் வழியாகப் போய் வந்தது.

"உங்கட ஊர் எப்பிடி எண்டு கேக்கிறார், அப்பா."

"எங்கடையும் கடற்கரை எண்டு சொல்லு. வீடு ஆமி முகாமுக்குள்ள போட்டுது."

மொரித்தா கரண்டியைக் கீழே வைத்தார். தன் தகப்பனின் வற்றாளைக் கிழங்குத் தோட்டமும் அப்படித்தான் போனது என்றார். முதலில் சொந்த நாட்டுக் கடற்படை எடுத்தது. யுத்தம் முடிய அமெரிக்கன் வந்து குந்தினான். அந்த முகாமின் குசினியில்தான் மொரித்தா காலமெல்லாம் உருளைக்கிழங்கு உரித்தாராம்.

கிருஷ்ணராசாவுக்குப் பொறாமை பொத்துக்கொண்டு வந்தது.

"நீங்கள் உள்ளுக்கையாவது போனியள்! நான் போன வருசம் வேலிக்கு வெளியில நிண்டு என்ர மாமரத்தைப் பாத்தன். உள்ள ஒருத்தன் என்ர மாங்காயை உப்புத் தொட்டுத் தின்னுறான். பழுத்தாத் தேனாகிற கறுத்தக்கொழும்பானை உப்புத் தொட்டுத் தின்னலாமோ? பழுக்க விடடாப்பா எண்டு கத்தினன். என்னைப் பைத்தியம் எண்டு நினைச்சிட்டான்!"

பேச்சு மறுகரையை அடையச் சற்று நேரம் பிடித்தது. அடைந்ததும் மொரித்தாவின் தோள்கள் குலுங்கின. மேசையில் அடித்து அடித்துச் சிரித்தார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து நீளமாக ஏதோ சொன்னார். ஹருத்தோ எழும்பியே விட்டான்.

"அவருக்குச் சம்மதமாம், அப்பா!" யசோதினி தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆனா கலியாணத்துக்குக் கறி அவர்தான் காய்ச்சுவாராம். உங்களைக் குசினிக்குள்ள விடமாட்டாராம்."

கிருஷ்ணராசாவின் மீசை துடித்தது. மேசைக்குக் கீழே மாலினி நுள்ளினாள்.

"ஓம் எண்டு சொல்லு," என்றார் அவர். "ஆமிக்காரன்தான் என்ர வீட்டுக்குள்ள விடுறானில்லை எண்டா, இந்தாள் குசினிக்குள்ளயும் விடுதில்லை!"

யசோதினி அந்த ‘ஓம்’ ஒன்றை மட்டும் மொழிபெயர்த்தாள்.